மாமனார் மூக்கில் நான் விட்ட குழாய்

தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளையைப் போல ஆபத்தான பிராணி தமிழ்நாட்டில் வேறு கிடையாது. அவன் என்ன உளறினாலும் தலையாட்டுவார்கள். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னால், வாசல் கோலத்தைக் கொல்லைப்பக்கம் போடுவார்கள். இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கொல்லக்கூட முடியும். நான் கிட்டத்தட்ட கொன்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னைக் கல்லூரி ஒன்றில் எனக்குக் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. (மாணவர்கள் குடுவையை உடைத்தால் பெருக்குவதற்கு ஆள் கூப்பிடுவேன். நடையைப் பார்த்தால் ராக்கெட் விடுகிறவன் மாதிரி இருக்கும்.) மாமனார் வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம். அந்த ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்புதான் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிருந்தன. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிறுவரை ஒரு சிவப்பு ரப்பர் குழாய் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வெளி முனையில் புனல் வைத்து வடிகட்டிய கஞ்சியை ஊற்றினால்தான் அவருக்குச் சாப்பாடு. கட்டில், அவர் பட்டு நெய்துவந்த தறிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

தீபாவளிக் காலையில் சாஸ்திரத்துக்காக அவர் தலையிலும் எண்ணெய் வைத்தார்கள். வைத்தது தாராளமான கை. எண்ணெய் வழிந்து, மூக்கோரம் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நழுவி, குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டது. டாக்டரைக் கூட்டிவர ஓர் ஆள் ஓடினார். பட்டு வேட்டியில் நின்றிருந்த எனக்கு மேதாவித்தனம் பொங்கியது.

"இதுக்குப் போய் டாக்டரா? கொண்டாங்க, நானே போடறேன்."

"ஏங்க, டாக்டரே வரட்டுமே" என்றாள் மனைவி.

மாமியாரின் தம்பி அவளை அடக்கினார். "நீ சும்மா இரும்மா. படிச்ச மாப்பிள, அவருக்குத் தெரியாததா?"

குழாயைக் கழுவி மூக்கில் தள்ளினேன். மாமனார் இருமினார். முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று.

"மாப்பிள, அவரு கண்ணுல தண்ணி வந்துகினு இருக்குதுங்க" என்றார் மாமியார், கதவோரமாக நின்று.

"அடைப்பு விலகுது அத்தை. அப்படித்தான் இருக்கும்." (எந்த அடைப்பு? எனக்கே தெரியாது.)

ஆஸ்பத்திரியில் வெளி முனையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்கள் என்று மனைவி சொன்னாள். எதற்காக என்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் யோசிக்கவில்லை. டம்ளர் தண்ணீரில் வைத்தேன். குபுகுபுவென்று குமிழி! எங்கள் ஆய்வகத்தில் தண்ணீரில் குமிழி வந்தால் சோதனை வெற்றி. "பாத்தீங்களா, குழாய் பிரமாதமா வேலை செய்யுது" என்று அறிவித்தேன். அவர் மூச்சு விடும்போதெல்லாம்தான் குமிழி வருகிறது என்பதை யாராவது ஒருவர் கவனித்திருப்பார். ஆனால் தலை தீபாவளி மாப்பிள்ளையிடம் அதை யார் சொல்வது?

புனலைச் செருகிக் கஞ்சிச் சொம்பைச் சாய்க்கப் போனேன்.

மாமனாரின் இடது கை எழுந்தது. பட்டு நெய்த கை, அதில் பலம் அப்படியே இருந்தது. என் கன்னத்தில் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யானை வெடி என்று நினைத்தார்களாம். கஞ்சி முழுவதும் என் வேட்டியில். அவர் குழாயைத் தானே உருவி எறிந்துவிட்டு மூச்சு வாங்கினார்.

மாமியார் கதவோரத்திலிருந்து ஓடிவந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள. உடம்பு சரியில்லாதவரு, தெரியாம பண்ணிட்டாரு." அன்று அந்த வீட்டில் தெரிந்து ஒரு காரியம் செய்தவர் மாமனார் ஒருவர்தான்.

டாக்டர் வந்து வேறு குழாயைப் போட்டார். முனையைத் தண்ணீரில் வைத்தார். ஒரு குமிழிகூட இல்லை. நான் குமிழியின் பெருமையைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"குமிழி வந்தா குழாய் மூச்சுக்குழல்ல இருக்குதுன்னு அர்த்தம். ஊத்தியிருந்தா கஞ்சி நேரா நுரையீரலுக்குப் போயிருக்கும். மனுஷன் போய்ச் சேர்ந்திருப்பாரு. நீங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை?"

"கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர், சார்."

"அப்ப சரி. கன்னத்துக்கு ஐஸ் வைங்க."

கொல்லையில் போய் நின்று அழுதேன். வலி கொஞ்சம்தான், மீதியெல்லாம் பயம். ஒரு சொம்பு கஞ்சியில் என் மனைவிக்கு அப்பா இல்லாமல் போயிருப்பார்.

பிறகு மாமனாருக்கு விழுங்க முடிந்தது, பேச்சு வரவில்லை. நெடுநாள் இருந்தார். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், இடது கையை மெதுவாகத் தூக்குவார். நான் நிறுத்திவிடுவேன். அவர் போன பிறகு வீட்டில் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் ஒரு டாக்டரிடம் என் சர்க்கரையைப் பற்றி நானே விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். மனைவி, மகள், பேத்தி மூவரும் இடது கையைத் தூக்கினார்கள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று அவரும் மரியாதையாகத் தூக்கினார்.