மேற்பார்வை வேணும்

"மேற்பார்வை கேட்டனீங்களாம், சேர் என்னை அனுப்பினவர்," என்றபடி வந்தவர், உதயகலாவின் ஸ்கூட்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தொண்டு நிறுவனத்தின் தொண்டைமானாற்றுக் கிளைக்கு அவள் ஒருத்திதான் சமூகப் பணியாளர். ஊரார் துயரத்தைக் கேட்டுக் கேட்டு அவளுடைய நித்திரை போய்விட்டது. தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் வரும் ஆலோசகர் பெர்னடெட்டிடம் டவுன் பணியாளர்கள் மனப்பாரத்தை இறக்கி வைக்கிறார்களாம். சமூகப் பணியில் அதற்கும் மேற்பார்வை என்றுதான் பெயர்; அதைத்தான் தனக்கும் கேட்டிருந்தாள்.

முகாமையாளர் வாகீசனுக்குப் போன் எடுத்தாள்.

"சேர், என்னைக் கண்காணிக்க ஆள் வேண்டாம். நான் சொல்லுறதைக் கேக்கத்தான் ஆள் வேணும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

அடுத்த கிழமை விசாரணைக் குழு ஒன்று வந்து இறங்கியது. "ஆர் மேலை முறைப்பாடு?"

மறுபடியும் போன். "முறைப்பாடு இல்லை, சேர். மனப்பாரம்."

"ஓ, பாரமோ? குறைச்சுவிடுறன்."

குறைத்தார். அவளுடைய வேலையில் பாதி பண்டத்தரிப்புக் கிளை நிருஷனின் தலையில் விழுந்தது. அவன் போனில் பொரிந்து தள்ளினான்.

"என்ரை நெஞ்சென்ன கல்லோ, அக்கா? எனக்கும்தானே மேற்பார்வை இல்லை."

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. "கத்தாதை. வெள்ளிக்கிழமை பெர்னடெட் மிஸ் வாறா. சாவகச்சேரி ஆக்களையும் கூட்டிக்கொண்டு வா."

வெள்ளிக்கிழமை வெளிக்கிளைக்காரர் எல்லோரும் தலைமை அலுவலகத்தில் வாகீசனின் அறையில் நிறைந்தார்கள். கதிரை போதவில்லை.

"மிஸ்ஸின்ரை நேரத்தை எல்லாருக்கும் பங்கிட்டுத் தாங்கோ, சேர்," என்றாள் உதயகலா. "இல்லையெண்டால் எங்கடை பாரமெல்லாத்தையும் மாதாமாதம் உங்களிட்டைத்தான் இறக்குவம். நிருஷன், தொடங்கு."

நிருஷன் தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் வாகீசன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"சரி, சரி. அடுத்த மாதத்திலையிருந்து மிஸ் கிளை கிளையாய் வருவா."

உதயகலாவுக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்தவர்கள் கலியாண வீட்டுக்காரர் போல ஆளுக்காள் கை குலுக்கினார்கள். அலுவலகத்தில் தேநீர் போடும் லூர்த்தம்மா எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

"டவுன் ஆக்கள் கோவிக்கப்போகினம், அக்கா," என்றாள் உதயகலா. "அவையின்ரை நேரத்தையெல்லோ பறிச்சுப்போட்டம்."

லூர்த்தம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அவையும் அது உங்கடை நேரமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கினம், பிள்ளை. மாதாமாதம் கதவைச் சாத்திப்போட்டு மிஸ்ஸுக்கு முன்னாலை இருந்து அழுறது வாகீசன் ஐயா மட்டும்தான்."