உண்ணிக்கடியும் ஒரு பேனாக் கோடும்

பயந்தவன் கையில் பேனாவைக் கொடுக்கக் கூடாது. இதை நான் என் இடுப்பிலேயே கீறிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மகளின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். முடிந்தது. ஹனோவரில் இருக்கிற தமிழர் அத்தனை பேருக்கும் அதைச் சொல்லியும் வைத்தேன் (ஒருவரும் கேட்கவில்லை). காவடியை வளைக்கத் தடி தேடிக் காட்டோரம் போனேன். ஜெர்மன்காரர் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போகிற இடத்துக்கு, நான் சாரம் கட்டிக்கொண்டு போனேன். மறுநாள் இடுப்பில் ஒரு எள்ளு ஒட்டியிருந்தது. அந்த எள்ளுக்குக் கால்கள் இருந்தன.

டாக்டர் அம்மா உண்ணியைப் பிடுங்கிவிட்டு, சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்.

“உண்ணியில் கிருமி இருந்திருக்கலாம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே வாருங்கள். அப்படியென்றால் மூன்று கிழமை குளிசை போடவேண்டும். அந்த நாட்களில் உடம்பில் வெயில் படக் கூடாது.”

காவடி எடுக்கிற கோயில் தேருக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. காவடியோ மேல்சட்டை இல்லாமல், உச்சி வெயிலில் எடுப்பது.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். முகம் கோணலாம், முழங்கால் வீங்கலாம் என்று போட்டிருந்தது. வாய் இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். மனைவி வதனி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விரதம் என்பதால் காலையும் மாலையும் முழுக்கு. முழுகும்போதெல்லாம் கோடு அழிந்தது. நானே திரும்பப் போட்டேன், சிவப்புக்கு மேலே விழுந்துவிடாமல் கொஞ்சம் தள்ளி. வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்று சொல்லமாட்டேன் (தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன்). சிவப்பு தினமும் கோட்டுக்குள்ளேயே இருந்தது. முருகன் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பயத்தில் நித்திரை வரவில்லை.

பத்தாம் நாள் வதனி கண்டுவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, டாக்டர் கீறினது எவ்வளவு பெரிசு?”

“ஒரு யூரோக் காசளவு.”

“இது தோசையளவு இருக்கு.”

“கோட்டைத் தாண்டேல்லைத்தானே.”

“கோட்டை ஆர் கீறினது?”

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

“பிள்ளைக்காண்டித்தானே நேர்ந்தனீங்கள். அவளுக்குக் காவடியை விட அப்பா வேணும். வெளிக்கிடுங்கோ.”

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் இடுப்பைப் பார்த்தார். அந்தக் கிருமிதான் என்றார். நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள், குளிசையோடு சுகமாகிவிடும் என்றும் சொன்னார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

தேரன்று வதனியின் தம்பி என் காவடியை எடுத்தான். நான் கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டையோடு, குடையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். விசாரித்தவர்களுக்கெல்லாம் மகள் ஒன்று விடாமல் விளக்கினாள்.

வருத்தம் சுகமாகி வருடங்கள் போய்விட்டன. போன கிழமை எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. இந்த வயதுக்கு இது சரியான அளவுதான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தேன்.

மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அம்மா, அப்பா திரும்பக் கீறத் தொடங்கிட்டார்.”

வதனி எனக்கு டாக்டரைப் பார்க்க டெர்மின் எடுக்கப் போனைத் தூக்கினாள்.