பன்னிரண்டு தொட்டிகளும் ஒரு வேளைச் சோறும்

சான் ஃபெர்னாண்டோ, பம்பாங்கா
நவம்பர் 28

மரியாதைக்குரிய சம்பந்தி கொர்னெலியோ அவர்களுக்கு,

அர்செனியோ பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ஒஃபெலியாவும் மகள் ஜெரலினும் கடவுள் தயவில் நலம். மலைமேல் நீங்களும் சம்பந்தியம்மா பெலிசாவும் மாப்பிள்ளை ரேமாரும் உங்கள் தோட்டமும் குளிர் தாங்கி நலமாக இருக்க வேண்டுகிறேன். உடல்நலம் பற்றிய பகுதி இத்துடன் முடிகிறது. இனி எழுதப்போவது என் மானம் பற்றியது.

ஜூனில் நீங்கள் பெண் கேட்டு வந்தபோது, கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, அதுதான் வழக்கம் என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "கோயில் பீடத்துப் பூவாவது பொண்ணைப் பெத்தவன் கையால இருக்கட்டும் சம்பந்தி" என்று நெஞ்சைத் தட்டினேன். பூத்தோட்டக்காரரிடமே பூ வளர்த்துக் காட்டுகிறேன் என்று சொல்ல என்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் துணிச்சல் வரும். நீங்களும் சிரிக்காமல், கிறிஸ்துமஸ் சமயத்தில் மேலிலை பூப்போலச் சிவக்கும் பாயின்செட்டியாச் செடியில் பன்னிரண்டு நாற்று அனுப்பினீர்கள். கூடவே ஒரு சீட்டு: 'அக்டோபர் முதல் தினமும் மாலை ஐந்து முதல் காலை எட்டு வரை முழு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் மேலிலை சிவக்காது.'

சம்பந்தி, நான் இருபத்தாறு வருடமாகக் கிறிஸ்துமஸ் விளக்கு செய்து விற்பவன். எங்கள் தெருவே விளக்குப் பட்டறைத் தெரு. செப்டம்பர் பிறந்துவிட்டால் மாலைதோறும் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கை ஏற்றிச் சோதனை பார்ப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு இருட்டுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

மாடிப்படிக்கு அடியிலுள்ள சாமான் அறையில் தொட்டிகளை வைத்தேன். பகலில் குழல்விளக்கு, ஐந்து மணிக்கு அணைத்துவிடுவேன். சுவருக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தாளை இரட்டையாக ஒட்டி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்தேன், பழகியதும் பார்த்தால் எதிர்வீட்டு ரொகெலியோவின் விளக்கு சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மாறுவது ஆணி ஓட்டைகள் வழியாகவே தெரிகிறது, அத்தனைக்கும் பட்டி பூசினேன், பூசியதும் புழுக்கம், புழுக்கத்துக்கு விசிறி, விசிறிக்குக் காற்று வர ஓட்டை, ஓட்டை வழியே மறுபடி வெளிச்சம், சரியென்று குழாயை இரண்டு இடத்தில் வளைத்து உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தேன், காற்று வளைந்து வந்தது, வெளிச்சம் வரவில்லை, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது விசிறியின் நெற்றியிலேயே ஒரு பச்சைப் பொட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு பிளாஸ்திரி போட்டேன். இவ்வளவுக்குப் பிறகு அந்த வாரத்து மழை ஈரத்தில் ஒரு பக்கத்துத் தாள் மொத்தமாக உரிந்து விழுந்தது. நேரே ரொகெலியோவிடமே போனேன்.

"அண்ணே, ரெண்டு மாசம் சாயங்காலத்துல உங்க விளக்கை ஏத்தாம இருக்க முடியுமா?"

"ஏன்டா, விளக்குக்காரத் தெருவுல வந்து விளக்கை அணைக்கச் சொல்றே? பொண்ணு கல்யாணம்னதும் மூளை கலங்கிடுச்சா?"

"செடி தூங்கணும் அண்ணே."

"செடி கிடக்கட்டும், முதல்ல நீ போய்த் தூங்கு."

இப்போது நான் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் நடுவில் ஒருநாள் ஆறு மணிக்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் சொல்லாமல் வந்து நின்றீர்களே, நினைவிருக்கும். எங்கள் வீட்டு அரிசிப் பெட்டி அந்த அறைக்குள்தான் இருக்கிறது. தினமும் நாலரைக்கே அரிசியை அளந்து எடுத்துவிடுவோம். அன்று எடுத்தது எங்கள் மூவருக்கு மட்டும், அதையும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

"கதவைத் திறங்க, சம்பந்தி வீட்டுக்குச் சோறு போட வேணாமா?" என்று ஒஃபெலியா அடுக்களையில் என் சட்டையைப் பிடித்தாள்.

"திறந்தா ரெண்டு வார இருட்டு போச்சுடி."

"அப்ப ரொகெலியோ வீட்ல வாங்கிட்டு வரேன்."

"அடுத்த வீட்டு அரிசியை அவங்க கண்ணு முன்னாலயா தூக்கிட்டு வருவே?"

இப்படித்தான் உங்களுக்குப் பான்சித் நூடுல்ஸ் மட்டும் கிடைத்தது. "நீங்க ராத்திரி சோறே சாப்பிட மாட்டீங்களா சம்பந்தி?" என்று சம்பந்தியம்மா மெல்லக் கேட்டார். "சர்க்கரை ஏறிடுச்சு, டாக்டர் இந்த வீட்டுக்கே அரிசி கூடாதுன்னுட்டார்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அன்று முதல் சம்பந்தியம்மா வாரம் தவறாமல் அனுப்பும் பாகற்காய்ப் பொடியை நானும் தவறாமல் குடித்து வருகிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை சம்பந்தி. மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் வீட்டாரைச் சோறில்லாமல் அனுப்பிய பாவம்தான் இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பாவத்துக்காவது பூ வந்திருக்க வேண்டாமா? நவம்பர் தொடக்கத்தில் மேலிலைகள் வெளுக்க ஆரம்பித்தன. ரத்தசோகை பிடித்தவர் முகம் போல நாளுக்கு நாள் வெளிறுகின்றன. உரம் வைத்தேன், இன்னும் வெளிறின. ஒரு இலையில்கூடச் சிவப்பு இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். "பூ இல்லாட்டி என்னப்பா, நீங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா போதும்" என்கிறாள் ஜெரலின். அவள் அப்படிச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே, தங்கள் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு சிவப்புத் தொட்டி அனுப்பி என்னைக் காப்பாற்ற வேண்டும். அவை நான் வளர்த்தவை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். யாராவது அப்படி நினைத்துக்கொண்டால் மறுக்காமல் இருக்க மட்டும் அனுமதி கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. மாதா உங்கள் குடும்பத்தையும் செடிகளையும் காப்பாளாக.

தங்கள் அன்புக்கு ஏங்கும்,
அர்செனியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒஃபெலியாவின் தங்கை மகள் கிறிஸ்தாபெல் வந்தாள். அறையைத் திறந்து பார்த்தவள், "பெரியப்பா, இவ்வளவு சுத்தமான வெள்ளை பாயின்செட்டியா எங்க பண்ணையிலகூட இல்ல. எப்படி வளர்த்தீங்க?" என்றாள். நீங்கள் அனுப்பியது வெள்ளை ரகம் சம்பந்தி. பன்னிரண்டும் வெள்ளை ரகம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நாற்று மாறிப்போனதற்கு உங்களையும் மனமார மன்னிக்கிறேன். சிவப்புத் தொட்டி எதுவும் வேண்டாம். ஜெரலின் தன் வெள்ளைக் கல்யாண உடுப்பை அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அரைமணி நேரமாக அங்கேயே உட்கார்ந்து தொட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் அவசியம் சாப்பிட வர வேண்டும். சோறு உண்டு. ஐந்து மணிக்கு முன்னால் மட்டும் வந்துவிடுங்கள். அரிசிப் பெட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.