மாப்பிள்ளையின் வைத்தியமும் என் இடது முழங்காலும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனாரும், சில மாதங்களாகத் தங்கள் நோயாளியுமாகிய நான் எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம்.

வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் நடத்தும்போது முழங்கால் சில்லு நழுவி நான் சரிந்ததையும், செய்முறை விளக்கம் என்று எண்ணி மாணவர்கள் குறிப்பெடுத்ததையும் தாங்கள் அறிவீர்கள். இன்னொரு முறை அவர்கள் முன் விழுவதைவிட வேலையை விட்டுவிடுவேன். "கத்தியே வேண்டாம் மாமா, தொடைத் தசைய பலப்படுத்தினா அதுவே சில்ல இழுத்துப் பிடிச்சுக்கும்" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று காலையும் கொடுத்தேன்.

விளைவுகளைக் கேளுங்கள். கணுக்கால்களில் ரப்பர் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நடக்கச் சொன்னீர்கள். ஆய்வகத்தில் ஆளில்லை என்று நம்பி நடந்தேன். அன்று முதல் எனக்கு 'நண்டு சார்' என்று பெயர். உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தூக்கச் சொன்னீர்கள், ஆசிரியர் கூட்டத்தில் மேசைக்கடியில் தூக்கினேன், அது எதிரே இருந்த முதல்வரின் காலில் போய் இடித்தது, இனிச் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு என்று அறிவிக்க ஆரம்பித்த மனிதர் சட்டென்று நிறுத்திவிட்டு, பிறகு என் தோளில் கைபோட்டு, "நல்ல நேரத்துல தட்டுனீங்க சார், இல்லன்னா எல்லாரும் என்னைக் கிழிச்சிருப்பாங்க. இனிமே என் எதிர்லயே உட்காருங்க" என்கிறார், இப்போதெல்லாம் வாயைத் திறக்குமுன் என் காலைத்தான் பார்க்கிறார், நான் பயிற்சி செய்வதா, கல்லூரியை நடத்துவதா? சில்லு நகராமலிருக்கத் தாங்கள் ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தால் காலிலுள்ள முடியும் கூடவே வருகிறது. நான் அலறினால் தங்கள் அத்தை, "மாப்பிள்ளை ஒட்டினது, கொஞ்சம் மரியாதையா கத்துங்க" என்கிறாள்.

போதும். இன்று மாலை அறுவை மருத்துவரிடம் தேதி வாங்கப் போகிறேன். தங்கள்மீது கோபம் ஏதுமில்லை என்பதை மிகுந்த சிரமத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மகளோடு நீடூழி வாழ்க, பிறர் முழங்கால்களைத் தொடாமல்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: மருத்துவர் சில்லை எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தார், நழுவவில்லை. "இதுல நான் வெட்ட ஒண்ணுமே இல்ல. இந்தத் தொடைய யாரு தயார் பண்ணினது?" என்றார். பிறகு வலது முழங்காலைத் தொட்டார். சில்லு வழுக்கிக்கொண்டு ஓடியது. "இதுக்கும் செய்யச் சொல்லலையா?" என்றார். சொல்லத்தான் செய்தீர்கள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். தங்கள் அத்தை பிடுங்கிப் படித்துவிட்டு, "இது போயே ஆகணும்" என்று உறையோடு நிற்கிறாள். ஆகவே மேலே உள்ளதைப் படிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வலது கால் காத்திருக்கிறது.