மாறாத படத்தை அனுப்பாதே

திரையில் கணக்கு அக்கா தேநீர்க் கோப்பையை வாய் வரைக்கும் கொண்டுபோய் வைத்திருந்தாள். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இது என்னங்க, போட்டோவா?" என்று கேட்டார், புரோகிராமை விலைக்கு வாங்க வந்திருந்த மேடம்.

"இல்லீங்க மேடம், நேரடிப் படம். வெளியே ஹால்ல ஸ்டாண்டு போட்டு ஒரு போன் வச்சிருக்கோம். அதுல தெரியறதுதான் ஒயர் இல்லாம இந்த டிவிக்கு வருது."

இப்படிச் சொன்னவனுக்கு அலுவலகத்தில் மிச்சம் என்று பெயர். ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் ஓடிப்போய் அணைப்பான். அவன் எழுதிய புரோகிராமும் அவனைப் போலத்தான். போன் ஒரு விநாடிக்கு முப்பது படம் எடுக்கும். புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் புரோகிராம் அதை டிவிக்கு அனுப்பும். மாறாவிட்டால் அனுப்பாது. பேட்டரி மிச்சம், சிக்னல் மிச்சம்.

"அதாவது, காலையில வணக்கம் சொன்ன ஆளுக்கே திரும்பத் திரும்ப வணக்கம் சொல்லாத மாதிரி," என்றார் மேடம்.

"அதேதான் மேடம்!"

"நல்லது. யாராவது அசையட்டும், படம் மாறுதான்னு பார்ப்போம்."

பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. கணக்கு அக்காவுக்குப் பின்னால் ஒருவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். இன்னொருவர் பாதி கொட்டாவியில் இருந்தார். திரையின் மூலையில் 'இந்த நிமிடம் அனுப்பிய படங்கள்: 0' என்று இருந்தது.

"பாருங்க மேடம், பூஜ்யம்! எவ்வளவு மிச்சம்!" என்றார் மேனேஜர், முகமெல்லாம் பல்லாக.

மிச்சம் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். இந்த மேடம் சரியென்று சொன்னால் அவன் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் போன வாரமே சொல்லிவிட்டார். நிரந்தரம் ஆகிவிடும் என்ற தைரியத்தில் வீட்டில் மனைவி நல்ல வீடொன்று பார்த்து, சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தாள்.

'சின்ன அசைவை எல்லாம் நம்ம புரோகிராம் மாற்றமாவே எடுத்துக்கலை போல' என்று நினைத்துக்கொண்டு மடிக்கணினியை இழுத்தான்.

"ஏம்பா, எதுக்கு அதைத் தொடறே? நல்லாத்தானே இருக்கு!" என்றார் மேனேஜர்.

"ஒரே நிமிஷம் சார்."

மேஜைக்கு அடியில் மேனேஜர் அவன் காலை மிதித்தார். சீக்கிரம் முடி என்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டு, தலைமுடி அசைந்தாலும் அனுப்பும்படி புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றினான்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. கேமராவுக்கு மட்டுமே தெரிகிற வெளிச்ச நடுக்கத்தை எல்லாம் புரோகிராம் மாற்றம் என்று எண்ணி அனுப்பத் தொடங்கியது. மூலையில் எண் தலைதெறிக்க ஓடியது. கணக்கு அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கமும் கோப்பை ஒரு பக்கமும் நின்றன.

"இப்பத்தான் அசையுது," என்றார் மேடம் சந்தேகத்தோடு.

"இது அசைவு இல்லீங்க மேடம், கோளாறு," என்று உண்மையைச் சொல்லிவிட்டான் மிச்சம். மேனேஜர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். மறு கண்ணாலும் அடித்தார். மனுஷனுக்குக் கோபத்தில் கண் துடிக்கிறது என்று மிச்சம் பயந்துபோனான்.

பயத்தில், போனிலிருந்து வரும் படத்தை வாங்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினான். பெட்டி விழித்துக்கொண்டதும், ஹாலில் இருக்கும் போனை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அவனுடைய போனைப் பிடித்துக்கொண்டது. மனைவி அனுப்பிய செய்தி அரைச் சுவர் அகலத்துக்கு வந்து நின்றது.

'சிடுமூஞ்சி சரின்னு சொல்லிச்சா? பாத்திரமெல்லாம் கட்டிட்டேன்.'

"யாருப்பா சிடுமூஞ்சி?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டுப் பூனை சார்."

"பூனை சரின்னு சொல்லணுமா, பாத்திரம் கட்டறதுக்கு?" என்று கேட்டார் மேடம்.

"அது சரின்னு சொல்லாம நாங்க வீடு மாற முடியாது மேடம்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் போனை அணைத்து, மாற்றிய எண்ணையும் பழையபடி வைத்தான். ஹாலின் படம் திரும்பி வந்தது. கணக்கு அக்கா, கோப்பை, பேனா, கொட்டாவி. ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"நான் போய் என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தான்.

மேனேஜர் பாய்ந்துபோய்க் கதவில் சாய்ந்துகொண்டார். "அங்கெல்லாம் போகாதே! வேலை செய்யறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது!"

"சார், கேமரா முன்னாடி ஒரு தடவை கையை ஆட்டிட்டு..."

"கையை ஆட்டக் கூடாதுன்னா ஆட்டக் கூடாது! உக்காருப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு விஷயம் சொல்லுங்க தம்பி. இருபது பேர் இருக்கிற ஆபீஸ்ல, இவ்வளவு நேரம், ஒருத்தர்கூட அசையாம இருப்பாங்களா?"

மிச்சம் யோசித்தான். எப்படி இருப்பார்கள்? கொட்டாவி விட்டவன் வாயை மூடித்தானே ஆக வேண்டும்? அப்படியென்றால் கோளாறு புரோகிராமில்தான். கடைசி அஸ்திரமாக, ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியையே புரோகிராமிலிருந்து தூக்கி எறிந்தான். அவன் இத்தனை மாதம் கண் விழித்து எழுதியதே அந்தப் பகுதிதான். இனி மாறினாலும் மாறாவிட்டாலும் எல்லாப் படமும் டிவிக்கு வரும்.

வந்தது. எண் ஓடியது. பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. கணக்கு அக்கா மட்டும் அப்படியே இருந்தாள்.

மிச்சம் மடிக்கணினியை மூடினான். "ஒப்பிடறதையே எடுத்துட்டேன் மேடம். அப்பவும் படம் நகரலை. எங்கே தப்புன்னே எனக்குத் தெரியலை. இது வேலை செய்யாது மேடம். உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலை."

"ஐயோ!" என்றார் மேனேஜர். கதவை விட்டு வந்து நாற்காலியில் சரிந்து, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மிச்சம் டிவியின் பிளக்கையும் பிடுங்கினான். திரை இருண்டது. கட்டிய பாத்திரங்களை மனைவி ஒவ்வொன்றாக அவிழ்ப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நேர்மையாச் சொன்னீங்க தம்பி, சந்தோஷம். ஆனா ஓடாத வண்டியை நான் எப்படி வாங்கறது?"

அவர் கதவருகே போவதற்கும் கதவு வெளியிலிருந்து திறப்பதற்கும் சரியாக இருந்தது. திறந்த கதவு மேடத்தை மறைத்துக்கொண்டது. முகமெல்லாம் வியர்வை வழிய, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி கணக்கு அக்கா உள்ளே வந்து, மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், நீங்க சொன்னபடி ஃபேனைக்கூட நிறுத்திட்டு, இவ்வளவு நேரமா இருபது பேரும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கோம், இப்பவாவது மூச்சு விட்டுக்கலாமா?"