வேட்டியும் தெற்கு ஜன்னலும்

சூரியன் தப்பான பக்கத்தில் வருகிறது என்று சூரியன் மேலேயே குற்றம் சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டில் படம் எடுத்தார்.

எழுபதுகள். ஆஸ்திரேலியாவில், மெல்பனில் ஃபுட்ஸ்கிரே பக்கம் எங்கள் வீடு. டயர் ஃபாக்டரியில் எனக்கு வேலை. கூட வேலை செய்த தெலுங்குக்காரர் ஒருவரின் மைத்துனர் மெட்ராஸில் படத் தயாரிப்பாளர். அவரே டைரக்டரும். தெலுங்கில் சிரிப்பும் காதலுமாக ஒரு படம் வெளிநாட்டில் எடுக்க வந்தார். கேமராமேனுக்கு அதுதான் முதல் படம். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் உள்ள வீடு வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். ஏதோ சாஸ்திரம் என்று நினைத்து எங்கள் வீட்டைக் கொடுத்தோம்.

கேமராமேன் வந்து பெட்டியைத் திறந்தார். முழுக்க வெள்ளை வேட்டி. ஆள் போட்டிருந்தது கால்சட்டை.

என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். “இந்தத் தம்பி படம் எடுக்க வந்தவரோ, தேர் இழுக்க வந்தவரோ?”

அன்றைக்கே ‘வேட்டி’ என்று பெயர் வைத்துவிட்டாள். சொந்தப் பெயரை நான் கேட்கவில்லை.

பெட்டியில் இருந்த வேட்டிகள் உடுக்க அல்ல. வெளிச்சம் பிடிக்க. மெட்ராஸில் வெள்ளித்தாள் ஒட்டின பலகையால் வெயிலைத் திருப்பி நடிகை முகத்தில் அடிப்பார்களாம். அவள் கண்ணைச் சுருக்குவாளாம்.

“கண்ணு கூசற பொண்ணு எப்படிண்ணே காதலிப்பா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?

“முகத்துல நிழல் அதிகமானா சோகப் படம். நிழலே இல்லன்னா கல்யாண போட்டோ. நடுவுல ஒண்ணு இருக்குண்ணே. அதுதான் நம்ம படம்.”

முதல் நாள் டிராம் நிறுத்தத்தில் எடுத்தார்கள். கதாநாயகன் டிராமைத் துரத்தி விழவேண்டும். வேட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தயாரிப்பாளர் இந்தப் பக்கம் நின்று கத்தினார்.

“ஏமய்யா! ஹீரோ எறும்பு மாதிரி தெரிவான்! மூஞ்சி எங்க?”

“விழறவனுக்கு மூஞ்சி எதுக்கு சார்? சிரிப்பு கால்ல இருக்கு.”

கதாநாயகனுக்குக் கோபம். தயாரிப்பாளருக்கு அதைவிடக் கோபம். இரண்டு நாள் எடுத்த ஃபிலிமைக் கழுவித் திரையில் போட்டுப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் அடுத்த விமானத்தில் வேறு கேமராமேன் வருவான் என்று சொல்லிவிட்டார். வேட்டி தலையை ஆட்டினார். அன்று இரவு எங்கள் வீட்டில் சோறு தொடவில்லை.

அடுத்த நாள் எங்கள் வீட்டில். கதாநாயகி ‘சரி’ என்று சொல்லும் காட்சி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லவேண்டும். வேட்டி காலையிலேயே தெற்கு ஜன்னலில் போய் நின்றார். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது.

“தம்பி, தேத்தண்ணி ஆறுது. ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?” என்றாள் மனைவி.

“சூரியனைக்கா.”

“அவர் இந்தப் பக்கம் வாறேல்லை.”

“இது தெற்கு ஜன்னல்தானேக்கா?”

“ஓம், தெற்குத்தான். அதாலதான் இந்த அறை ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு. இஞ்ச வெயில் வடக்காலதான் போகும்.”

வேட்டி வெளியே ஓடினார். அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு அந்தப் பக்கம் சூரியன் நன்றாக நின்றது.

“அநியாயம்க்கா! மெட்ராஸ்ல மார்கழி பூரா தெற்கு ஜன்னல்லதான் வெயில்.”

“அதை என்னட்டைச் சொல்லி? அவரிட்டைக் கேளும்.”

உள்ளே தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி வீட்டுக்குப் பின்னால், தெற்கு ஜன்னலுக்கு நேரே கிடந்த பின்வளவுப் பக்கம் திரும்பினார். இங்கே வீட்டுக்கு வீடு பின்வளவில் ஒரு கம்பம் இருக்கும். உச்சியில் குடை விரித்த மாதிரிக் கம்பிகள். உடுப்புக் காயப்போட. காற்றடித்தால் சுற்றும். அதில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, கம்பியில இருக்கற உங்க துணியெல்லாம் எடுத்துடலாமா?”

பெட்டியில் இருந்த அத்தனை வேட்டியையும் அதில் கட்டினார். வடக்கு வெயில் வேட்டியில் பட்டது. பட்டு, திரும்பி, தெற்கு ஜன்னலுக்குள் வந்தது. அந்த அறையில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பால் ஊற்றின மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, கல்யாணம் பேசுகிறோம் என்றேன். தொப்பியைக் கழற்றினார்.

கம்பி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. பிடித்தேன். உள்ளே கேமரா ஓடியது. மெல்பன் காற்று. ஒரு அடி அடித்தது. வேட்டிகள் பாய் மாதிரி விரிந்தன. கம்பி என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. என் செருப்பு மனைவியின் கீரைப் பாத்தியில் கிடந்தது.

“போச்சு” என்றார் தயாரிப்பாளர். இன்னொரு முறை எடுக்க அன்றைக்கு ஃபிலிம் மிச்சமில்லை.

கழுவின ஃபிலிமைப் போட்டுக் காட்டின அன்று அவர்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். நானும் உள்ளே உட்கார்ந்தேன். வேட்டி உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

கதாநாயகன் தூரத்தில் ஓடினான். கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். விழுந்தான். தயாரிப்பாளர் சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்தினார். மூக்கால் வந்துவிட்டது.

பிறகு அந்தப் பெண். சிரிப்பை அடக்குகிறாள். முகம் மெல்ல மங்குகிறது. ‘இல்லை’ என்று சொல்லப்போகிறாள் போல இருக்கிறது. அப்போது கன்னத்தில் இருந்து வெளிச்சம் ஏறி, கண்ணுக்கு வந்து, நெற்றியில் பரவுகிறது. அவள் வாயே திறக்கவில்லை. ‘சரி’ என்று விளங்கிவிட்டது.



“இன்னொரு தடவை போடு” என்றார் தயாரிப்பாளர்.

போட்டார்கள்.

“ஏமய்யா, அந்த வெளிச்சம் எப்படி வந்துச்சு?”

வேட்டி சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “காத்து சார். துணி காயப்போடற கம்பி சுத்திடுச்சு.”

தயாரிப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கம்பியைக் கழட்டி மெட்ராஸுக்குக் கொண்டுபோக முடியுமா?”

வேறு கேமராமேன் வரவில்லை. வேட்டி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வாருங்கள், வீட்டில் சோறு ஆறுகிறது என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டார். மனைவி சட்டியைச் சுரண்டவேண்டி வந்தது.

அடுத்த வருசம் தெலுங்குக்காரர்கள் ஒரு மண்டபம் எடுத்து அந்தப் படத்தைப் போட்டார்கள். போனோம். தொடக்கத்தில் பெயர்கள் வந்தன. எல்லாம் தெலுங்கு எழுத்து. வேட்டியின் பெயர் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வந்த எல்லாப் பெயருக்கும் கை தட்டினேன்.