சாசேஜ் தின்னாத தொண்ணூறு வாக்கியங்கள்

ஆன்செல்ம் கொட்டகைக்குள் பிடிபட்டது வியாழக்கிழமை பகல் பதினொன்றே கால் மணிக்கு. கையில் அரை சாசேஜ். மீதி அரை வாயில். கதவை அடைத்துக்கொண்டு அவருடைய மனைவி கிஸ்லேன்.

"என்ன இது?"

"ம்ம்."

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுங்க."

முழுங்கினார். "எலித் தொல்லை. பொறி வைக்க வந்தேன். இது எலிக்கு."

"எலிக்கு வாங்கினதை நீங்க ஏன் திங்கறீங்க?"

"கெட்டுப் போயிருக்கான்னு பார்த்தேன். பாவம், எலிக்கும் ஒரு வயிறு இருக்குல்ல?"

கிஸ்லேன் சிரிக்கவில்லை. ஊரில் இருக்கும் ஒரே ஆரம்பப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். எலி, நாய், பாட்டி சாவு என்று எல்லாச் சாக்குகளையும் மொத்தமாகக் கேட்டு முடித்தவள். ஊரில் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்கள் அத்தனை பேரும் அவளுடைய சிவப்புப் பேனாவுக்கு அடியில் வளர்ந்தவர்கள்தான். ஜூன் மாதம் அவள் ஓய்வு பெற்றாள். பேனா ஓய்வு பெறவில்லை. ஆன்செல்ம் வெளியூர் மாப்பிள்ளை, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். அவருடைய கூட்டாளிகள் நடுவே அவளிடம் படிக்காத ஒரே ஆண். அந்தக் குறையைத்தான் இப்போது தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்."

"யார் கொழுப்பை?"

"என் கொழுப்பை."

"உட்காருங்க. எழுதிக்கோங்க."

அவர் தலையில் இடி விழுந்தது. பிரான்ஸில் பிறந்த எவருக்கும் இந்தத் தண்டனை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் பேசினாயா? 'நான் வகுப்பில் பேசுவதில்லை' என்பதை எல்லாக் காலங்களிலும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்று எல்லா இடங்களிலும் எழுதிக்கொண்டு வா. காலம் மூன்றுதான் என்று நினைப்பவர்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர்கள். முடிந்தது ஒரு காலம். அது முடிவதற்கு முன்பே முடிந்தது இன்னொரு காலம். இனிமேல் நடப்பது முடிவதற்குள் முடிந்துவிட்டிருக்கப் போவது வேறு ஒன்று. நடந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்படுவதற்குத் தனியாக ஒரு வரிசை. ஆசைப்பட்டும் நடக்காததற்கு மற்றொரு வரிசை. கல்யாணமானவர்கள் பெரும்பாலும் அதில்தான் குடியிருக்கிறார்கள். போதாததற்கு, உயிரோடிருக்கும் யாரும் வாயால் சொல்லாத, புத்தகத்தில் மட்டும் வாழ்கிற காலம் ஒன்றும் உண்டு. வினைச்சொல்லின் வால் ஒவ்வொரு முறையும் மாறும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாறாது.

கிஸ்லேன் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். 'நான் டாக்டர் பேச்சைக் கேட்கிறேன். கொட்டகைக்குள் ஒளிந்து சாசேஜ் தின்பதில்லை.'

"எத்தனை வரி வரும்?"

"தொண்ணூறு. சனிக்கிழமை ஆறு மணிக்கு என் மேசைல இருக்கணும்."

"இல்லைன்னா?"

"ஞாயித்துக்கிழமை நடுவர் வேலை கிடையாது."

ஆன்செல்ம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்காக அவர் பதினோரு வருஷம் காத்திருந்தார். ஊர் சாசேஜ் சங்கத்தின் வருஷாந்திரப் போட்டியில் நடுவர்கள் ஐந்தே பேர். சிவப்பு அங்கி, கழுத்தில் பித்தளைச் சங்கிலி, எதிரே இருபத்து மூன்று தட்டு. தின்பது குற்றமில்லை, கடமை. ஒரு நடுவர் மகள் வீட்டுக்கே குடிபோனதால்தான் இந்த இடம் காலியானது.

"சங்கம் கொடுத்த நாற்காலி அது. நீ எப்படித் தடுப்பே?"

"சங்கத் தலைவர் யாரு?"

"கசாப்புக்கடை நோர்பெர்."

"அவன் யார்கிட்ட படிச்சான்?"

"உன்கிட்ட."

"மேயர்?"

ஆன்செல்ம் பேனாவை மூடினார்.

"நீங்களே எழுதி முடிச்சா ஒரு நாள் போனாப் போகுதுன்னு விடறேன்," என்றாள் கிஸ்லேன். மீதி அரை சாசேஜைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. நிகழ்காலத்தில் மூன்று வரி வந்தது. அதற்குப் பிறகு கடந்தகாலத்துக்குள் நுழைந்தார். அங்கே ஐந்து பாதை பிரிந்தது. சிக்னல் எதுவும் இல்லை. மாலையில் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வைனும் விற்கிற ஊர்க் காபிக்கடைக்குப் போனார்.

அங்கே வழக்கமான மூலை மேசையில் கசாப்புக்கடை நோர்பெர், மேயர் கிளோவிஸ், தபால்காரர் எவரிஸ்த் மூவரும் வைன் குடித்துக்கொண்டிருந்தார்கள். தாளைப் பார்த்ததும் மூன்று கோப்பைகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின.

"டீச்சர் கொடுத்ததா?" என்றார் நோர்பெர் மெல்லிய குரலில்.

"ஆமா."

"எனக்கு 'நான் மையில் நனைத்த காகிதத்தை எறிவதில்லை'. நாலாம் வகுப்பு. இன்னும் கனவுல வருதுண்ணே."

"எனக்கு 'நான் பொய் சொல்வதில்லை'," என்றார் மேயர்.

"அதான் பார்த்தோமே, எவ்வளவு பலன்னு," என்றார் எவரிஸ்த்.

"தம்பிங்களா, இது என் மானப் பிரச்சினை," என்றார் ஆன்செல்ம். "வயித்துப் பிரச்சினையும்தான். எனக்கு விடை மட்டும் சொல்லுங்க. என் கையெழுத்துல நானே பார்த்து எழுதிக்கறேன். ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கலாம்."

பிரித்தார்கள். கடந்தகாலம் ஐந்தும், முப்பது வரி, எவரிஸ்துக்கு. "நீ தாமதமாக் கொண்டுவர்ற கடிதம் எல்லாமே அந்தக் காலத்துலதானே இருக்கு?" என்றார் மேயர். எதிர்காலமும் கட்டளைகளும் மேயருக்கு. கூடவே நிகழ்காலம், அவர் அதிகம் தொடாத இடம் என்றாலும். ஆசைப்படுவது, நடக்காதது, புத்தகத்தில் மட்டும் வாழ்வது என்று மிச்சம் முப்பத்தாறும் நோர்பெர் தலையில் விழுந்தது.

"எனக்கு மட்டும் ஏன் கொழுப்பில்லாத துண்டு?" என்று அலுத்துக்கொண்டார்.

"டீச்சர்கிட்ட மூச்சு விடக்கூடாது," என்றார் ஆன்செல்ம்.

மூவரும் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஆன்செல்ம் தோட்டத்தில் முட்டைக்கோஸுக்கு நடுவே புத்தகமும் கையுமாக நடந்தார். படிக்கிற மாதிரி உதடு அசைத்தார். பத்து மணிக்கு எவரிஸ்த் தபால் கொண்டுவந்தார். ஒரு மின்சார பில்லைக் கொடுக்க அவருக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. சாயங்காலம் நோர்பெர் வந்தார், தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக. நடுவில் தொலைபேசி அடித்தது. கிஸ்லேன் அரை மணி நேரம் பேசினாள். ஆன்செல்முக்குக் கண் கலங்கியது. தன்னை நிம்மதியாக விட்டுவைக்க நண்பர்கள் முறை போட்டுக்கொண்டு அவளுக்குப் பேச்சுக் கொடுக்கிறார்கள்! இப்படி ஒரு நட்பு எவனுக்கு வாய்க்கும்?

சனிக்கிழமை காலையில் மூன்று உறைகள் வந்துசேர்ந்தன. மதியம் உட்கார்ந்து நகல் எடுத்தார். நான் தின்பதில்லை. நீ தின்பதில்லை. அவன் தின்பதில்லை. நாங்கள் தின்பதில்லை. ஆறாவது வரிக்கு வரும்போது உலகத்தில் சாசேஜ் தின்ன ஆளே இல்லை. அடுத்த காலத்தில் அதற்கு முன்பும் யாரும் தின்றிருக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் சாசேஜ் என்ற சொல்லை எழுதும்போது நாக்கில் எச்சில் ஊறியது. தொண்ணூறு முறை ஊறியது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாளை மேசையில் வைத்தார். கிஸ்லேன் மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்த 'டிக்' சத்தத்தில் ஆன்செல்ம் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். பேனா கீழே இறங்கவே இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில்தான் இறங்கியது.

இருபதுக்கு இருபது.

"முப்பத்தாறு வருஷத்துல இந்தத் தண்டனைக்கு நான் இருபது போட்டதே இல்லை."

"இவ்வளவு நாள் நல்ல மாணவன் கிடைக்கலை உனக்கு."

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ?"

"சோறு தண்ணி பார்க்கலை."

"தெரியுதே," என்று சொல்லிப் புன்னகைத்தாள். முப்பது வருஷம் சிக்னல் பார்த்த மனிதர் அந்தப் புன்னகையைப் பச்சை விளக்கு என்று எடுத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். ஞாயிறு காலைக் காபியும் வேண்டாம் என்றார். வயிற்றில் இருபத்து மூன்று தட்டுக்கு இடம் ஒதுக்கவேண்டுமே. கிஸ்லேன், "நான் முன்னாடி போறேன், நீங்க நிதானமா வாங்க," என்று கிளம்பினாள். அவர் இரண்டு முறை சவரம் செய்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் மண்டபத்துக்கு நடந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. வறுத்த பூண்டும் மிளகும் கலந்த மணம் வாசலிலேயே கட்டிப்பிடித்தது. மேடையில் நீள மேசை. இருபத்து மூன்று தட்டு. ஐந்து நாற்காலி. நான்கில் நடுவர்கள். ஐந்தாவதில், சிவப்பு அங்கியும் பித்தளைச் சங்கிலியுமாக, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கிஸ்லேன்.

ஆன்செல்ம் மேடையடியில் நின்ற நோர்பெரின் கையைப் பிடித்தார். பக்கத்திலேயே மேயரும் எவரிஸ்தும் நின்றார்கள். மேயர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நோர்பெர், என் நாற்காலில ஆள் இருக்கு."

"இருக்குண்ணே."

"ஏன் இருக்கு?"

"வெள்ளிக்கிழமை டீச்சரைப் பார்க்கப் போனேண்ணே."

"எதுக்கு?"

"எழுதினது சரியான்னு காட்ட."

"யார்கிட்ட?"

"டீச்சர்கிட்டத்தான். தப்பா எழுதிக் கொடுத்து, அது நாளைக்கு டீச்சர் கண்ணுல பட்டா? முப்பத்தாறு வரிண்ணே."

"அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதானேடா உங்ககிட்ட வந்தேன்!"

"வாடிக்கையாளர் ஒருத்தர் கேட்டதாத்தான் சொன்னேன். டீச்சர், 'கையை நீட்டு'ன்னாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஆன்செல்ம் தபால்காரரிடம் திரும்பினார். "நீயுமா?"

"நான் மின்சார பில்லைத்தான் கொடுத்தேன். என் தாளும் கூடவே போயிடுச்சு."

"மேயர் அய்யா?"

"நான் தொலைபேசியிலதான் கேட்டேன்," என்றார் மேயர் கௌரவமாக. "பேரைச் சொல்லலை. ஆனா டீச்சர், 'கிளோவிஸ், நேரா நில்லு'ன்னாங்க. நின்னுட்டேன்."

"அதுக்கு என் நாற்காலியைக் கொடுத்துடறதா?"

"எங்களுக்கு ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுக்கச் சொன்னாங்கண்ணே," என்றார் நோர்பெர். "ஒண்ணு நாற்காலி. இல்லைன்னா, 'நான் சோம்பேறிகளுக்காகத் திருட்டுத்தனமாக வினைச்சொற்களை எழுதித் தருவதில்லை'. ஆளுக்குத் தொண்ணூறு வரி."

"ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?"

"யோசிச்சோம். நீள வாக்கியமா இருந்தது."

ஆன்செல்ம் மேடைமேல் ஏறினார். "கிஸ்லேன்! இருபதுக்கு இருபது போட்டியே!"

"எல்லாத்தையும் நான்தானே திருத்திக் கொடுத்தேன்," என்றாள் அவள், முள்கரண்டியைத் துடைத்தபடி. "என் மார்க்கை நானே எப்படிக் குறைக்கறது?"

முதல் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. ஆன்செல்முக்கே உதட்டோரம் துடித்தது; பல்லைக் கடித்து அடக்கினார்.

"வீட்டுக்குப் போறேன்."

"எங்கே போறீங்க? உங்களுக்கும் வேலை இருக்கு. நடுவர் அறிக்கை யார் எழுதறது? ஊர்லயே இருபது வாங்கின ஆள் நீங்க ஒருத்தர்தான்."

நோர்பெர் ஓடிப்போய் மேடை ஓரத்தில் ஒரு சின்ன மேசையைப் போட்டார். அதில் வெள்ளைத் தாள், பேனா, ஒரு பாட்டில் தண்ணீர், டாக்டர் அனுமதித்த அளவில் முள்ளங்கி நான்கு. ஆன்செல்ம் உட்கார்ந்தார். நேற்று மதியத்திலிருந்து காலியாக இருந்த வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு முறை முனகியது.

மேயர் மணியடித்தார். முதல் தட்டு வந்தது. கத்தி பட்டதும் தோல் பிளந்து கொழுப்பு வழிந்தது. கிஸ்லேன் ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். நிதானமாக மென்றாள்.

"எழுதுங்க," என்றாள். "'நாங்கள் ருசித்தோம். மிளகு கச்சிதம். கொழுப்பு வாயில் கரைந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினோம்.'"

ஆன்செல்ம் எழுதினார். ஒரு பிழைகூட இல்லை.